மால்குடி ஒன்றும் இதமான ஊரல்ல

சுசீலாவைக் கொன்றது ஒரு கக்கூஸ்.

ஆர்.கே. நாராயணின் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில் கிருஷ்ணனும் அவன் மனைவி சுசீலாவும் லாலி எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டை விலைக்குப் பார்க்கப் போகிறார்கள். வீடு பிடித்துவிடுகிறது. கொல்லைப்புறம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போன சுசீலா, அங்கிருந்த கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கதவு சாத்திக்கொண்டுவிடுகிறது. கணவன் வந்து உதைத்துத் திறக்கும்வரை அந்த அசிங்கத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கிறாள். உதட்டில் வந்து உட்கார்ந்த ஓர் ஈயை அவளால் மறக்கவே முடியவில்லை. பிறகு காய்ச்சல். டாக்டர் நேரில் வந்து பார்க்காமலே மலேரியா என்று முடிவு கட்டி, சீசாவில் மருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார். டைஃபாய்டு என்று தெரியவரும்போது நாள் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் ஜுரக் கணக்கு எழுதிய தாளும், நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக வடிவதும், கடைசியில் மயானமும்.

நாராயணின் மனைவி ராஜம் டைஃபாய்டில் இறந்தது 1939-ல். மகளுக்கு அப்போது மூன்று வயது. நாவல் வெளிவந்தது 1945-ல். ஆறு வருஷம் அந்த ஈயைச் சுமந்துகொண்டு திரிந்த மனிதரைத்தான் நாம் ‘மென்மையான நகைச்சுவை எழுத்தாளர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பள்ளிக்கூடப் பாடநூல், அஞ்சலிக் கட்டுரை, இலக்கியக் கூட்டத்து வரவேற்புரை, எதை எடுத்தாலும் இதே பாட்டுதான். எளிமையானவர், இதமானவர், அரசியல் அறியாதவர், சின்ன ஊரின் சின்ன மனிதர்களைப் பார்த்துப் புன்னகைத்தவர். பாராட்டுகிறவர்கள் இதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். திட்டுகிறவர்களும் இதையேதான் திட்டாகச் சொல்கிறார்கள். இரண்டு கட்சியும் ஒரே பொய்யில் குடியிருக்கிறது என்பது என் வாதம்.

இந்தப் பொய்க்கு முக்கால்வாசிப் பொறுப்பு டெலிவிஷனுக்கு. 1980-களின் பிற்பாதியில் சங்கர் நாக் எடுத்த ‘மால்குடி டேஸ்’ தொடர் தூர்தர்ஷனில் வந்தது. எல். வைத்தியநாதன் போட்ட அந்த மெட்டை இன்றைக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் முனகிக் காட்டுவார்கள், முனகும்போதே முகம் இளகிவிடும். நல்ல தொடர்தான், குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதைப் படமெடுத்த ஆகும்பே, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்குப் பேர்போன இடம். ஓட்டு வீடு, பாசி படிந்த சுவர், எங்கு பார்த்தாலும் பச்சை. நாராயண் கற்பனையில் படைத்த மால்குடி சமவெளி ஊர். வெயில் காயும் மார்க்கெட் ரோடு, கோடையில் மணல் தெரியும் சரயு ஆறு. ‘தி கைட்’ நாவலின் உச்சமே மழை பெய்யாமல் போவதுதான். வானம் பொய்த்து, மாடு செத்து, கிணறு வற்றி, ஜனங்கள் அடித்துக்கொள்ளும் ஊரை நாம் மழைக்காட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கு முன்பே 1965-ல் வந்த இந்தி ‘கைட்’ ராஜஸ்தான் மாளிகைகளுக்குப் போயிருந்தது. மனம் நொந்த நாராயண் அந்தப் படமாக்கத்தைப் பற்றிக் கிண்டலாக ஒரு கட்டுரையே எழுதினார்.

சரி, படத்தை விடுவோம். புத்தகத்தைத் திறந்தால் மால்குடி எதில் ஓடுகிறது? கடனில் ஓடுகிறது. எனக்குத் தெரிந்து இந்திய ஆங்கில நாவலில் பணத்தை இவ்வளவு நெருங்கி, இவ்வளவு கூசாமல் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ 1952-ல் வந்தது. நில அடமானக் கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான் மார்கய்யா. கிராமத்து ஆட்களுக்கு வங்கியில் எப்படிக் கடன் வாங்குவது, வாங்கின கடனை எப்படி இன்னொருத்தனுக்கு வட்டிக்கு விடுவது என்று சொல்லிக் கொடுத்துக் காசு பார்க்கிறவன். கூட்டுறவு என்பது ஏழையைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடு. அதன் வாசலிலேயே ஒரு வட்டிக்காரனை உட்காரவைத்ததுதான் நாராயண் செய்த வேலை. உள்ளே இருக்கும் செயலாளருக்கும் வெளியே இருக்கும் மார்கய்யாவுக்கும் நடக்கும் சண்டை, ஒரே தொழில் செய்யும் இருவரில் ஒருவருக்கு நாற்காலி இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்பதைப் பற்றியது.

மார்கய்யாவின் பிள்ளை பாலு கணக்கு நோட்டைச் சாக்கடையில் வீசுகிறான். தொழில் போகிறது. அர்ச்சகர் ஒருவர் சொல்ல, லட்சுமி கடாட்சத்துக்காக நாற்பது நாள் பூஜை செய்கிறான். லட்சுமி எந்த உருவில் வருகிறாள் என்பதுதான் வேடிக்கை. டாக்டர் பால் என்ற ஆள் எழுதிய படுக்கையறை சாஸ்திரம் அவன் கைக்கு வருகிறது. அதற்கு ‘இல்லற இன்பம்’ என்கிற மாதிரி கௌரவமான பெயர் சூட்டி அச்சடித்து விற்கிறார்கள். காசு கொட்டுகிறது. பிறகு யுத்த காலம், கணக்கில் வராத பணம் புரளும் காலம். அதிக வட்டி தருகிறேன் என்று மார்கய்யா டெபாசிட் வாங்க ஆரம்பிக்கிறான். இவன் வாங்குகிற பணத்தை என்ன செய்து இவ்வளவு வட்டி தருகிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீடு முழுக்க மூட்டை மூட்டையாக நோட்டு. ஒரு நாள் கோபத்தில் டாக்டர் பாலைச் செருப்பால் அடிக்கிறான். அடிபட்டவன் ஊருக்குள் நான்கு வார்த்தை பேசுகிறான், பணம் போட்டவர்கள் வாசலில் கூடிவிடுகிறார்கள். அன்றோடு முடிந்தது. மஞ்சள் கடுதாசிதான்.

1990-களில் தமிழ்நாட்டில் வரிசையாக நிதி நிறுவனங்கள் கதவை மூடியபோது, மாலைப் பத்திரிகைச் செய்திகளைப் படித்துவிட்டு நான் இந்த நாவலைத் திரும்ப எடுத்தேன். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஓய்வூதியக்காரர்களை நாராயண் நாற்பது வருஷத்துக்கு முன்பே பார்த்திருந்தார். நம்பிக்கை என்பது எப்படிச் சரக்காகிறது, எந்த நிமிஷத்தில் அது வெறும் காகிதமாகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தப் பொருளாதார நிபுணர் எழுதினார்? இதைப் படித்து முடித்தவர் ‘இதமாக இருந்தது’ என்று சொன்னால், அவர் பணம் எதிலும் மாட்டவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி எழுத்தாளர் வி.எஸ். நைபால். நாராயணைப் பற்றிய எதிர்ப்பு வாதங்களில் கனமானது அவருடையதுதான். 1977-ல் வந்த தன் இந்தியப் புத்தகத்தில் ‘மிஸ்டர் சம்பத்’, ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ இரண்டையும் எடுத்துக்கொண்டு, இவை சமூகச் சிரிப்புக் கதைகள் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது இந்து மனத்தின் செயலின்மை, உலகம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொள்ளும் மனோபாவம் என்றார். ‘மிஸ்டர் சம்பத்’தில் ஓர் இடம் உண்டு. புத்தி பேதலித்துப்போன ரவி என்ற ஓவியனுக்குப் பேய் ஓட்டுகிறார்கள், பிரம்பு விழுகிறது. பக்கத்தில் இருக்கும் சீனிவாசனுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு தரிசனம் வருகிறது. யுகயுகமாக அந்த மண்ணில் வந்துபோனவர்கள் எல்லோரும் கண்முன் ஓடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஒருவன் பைத்தியமானால் என்ன, தெளிந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. இதோ பாருங்கள் நாராயணின் தத்துவம், என்கிறார் நைபால்.

நாராயணின் தத்துவமா, சீனிவாசனின் தத்துவமா? இதைக் கேட்காமல் நாவலைப் படிப்பது, வில்லன் பேசும் வசனத்துக்குக் கதாசிரியரைப் போலீசில் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். சீனிவாசன் யார்? வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டு அண்டசராசரத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறவன். ஊரில் விட்டுவந்த பெண்டாட்டி பிள்ளைக்கு ஒழுங்காகக் கடிதம் போடத் துப்பில்லாதவன். குடியிருக்கும் வீட்டில் அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே குழாய். அந்தக் குழாயைப் பற்றிப் பேசுவதைவிட ஆத்மாவைப் பற்றி எழுதுவது அவனுக்குச் சுலபம். அப்படிப்பட்டவனுக்குத் தரிசனம் எப்போது வருகிறது பாருங்கள். அடி விழும்போது வருகிறது. அடி விழுவது ரவியின் உடம்பில், ஞானம் பிறப்பது சீனிவாசனுக்கு. ஒருவன் வாங்கும் பிரம்படியில் இன்னொருவன் வேதாந்தம் பெறும் இந்த ஏற்பாட்டை நாராயண் சிபாரிசு செய்கிறார் என்று நம்ப வேண்டுமானால் அவருக்கு மூளை இல்லை என்று முதலில் முடிவுகட்டியிருக்க வேண்டும்.

மிட்டாய்க் கடைக் கதை இன்னும் தெளிவு. ஜகன் காந்தியவாதி. தானே நூற்ற கதர், உப்பும் சர்க்கரையும் தொடாத நாக்கு, கடையில் மட்டும் நெய் ஒழுக இனிப்பு வியாபாரம். ஆறு மணி வரை வரும் காசு ஒரு கணக்கு, ஆறு மணிக்குமேல் வருவது வேறு. பின்னது விற்பனை வரிக்குத் தெரியாமல் தனியாக ஒதுங்கும். அவன் பார்வையில் அந்தக் காசு தானே பிறந்தது, பாவமில்லாதது. அமெரிக்கா போய்வந்த மகன் கதை எழுதும் இயந்திரம் தயாரிக்கப் பணம் கேட்கிறான். கூடவே கிரேஸ் என்ற பெண். கல்யாணம் ஆகவில்லை என்று பிறகு தெரிகிறது. கடைசியில் மகன் மதுவிலக்குச் சட்டத்தில் பிடிபட, ஜகன் எல்லாவற்றையும் உதறிவிட்டு வானப்பிரஸ்தம் கிளம்புகிறான். இதைத்தான் நைபால் விலகல் என்றும், சரணாகதி என்றும் வாசிக்கிறார். ஆனால் கிளம்புகிறவன் செக் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறான்! செக் புத்தகத்தோடு போகிற சந்நியாசத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று நம் ஊர்ப் பாட்டிகளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். நைபாலின் வாதத்தில் அந்தச் செக் புத்தகத்துக்கு உரிய எடை இல்லை. டிரினிடாடிலிருந்து இந்தியாவைத் தேடி வந்தவருக்கு நாகரிகத்தின் காயம் பெரிதாகத் தெரிந்தது, சட்டைப் பை தெரியவில்லை.

அடுத்தது மொழி. நாராயண் மறைந்த 2001-லேயே சசி தரூர் கட்டுரை எழுதி, அவருடைய ஆங்கிலம் தட்டை, தேய்ந்த சொற்கள், அலங்காரமில்லை, மொழியின் ஆழம் அறியாத எழுத்து என்று கணக்குத் தீர்த்தார். துணிச்சலைப் பாராட்டலாம். இழவு வீட்டில் உண்மை பேச எல்லோராலும் முடியாது. ஆனால் அது உண்மைதானா?

1930-களில் ஆங்கிலத்தில் எழுத வந்த இந்தியருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. முல்க் ராஜ் ஆனந்த் தன் ‘அன்டச்சபிள்’ நாவலில் (அதுவும் 1935, ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ வந்த அதே வருஷம்) பஞ்சாபி வசவுகளை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினார். ராஜா ராவ் 1938-ல் ‘காந்தபுரா’வில் நம்முடைய புராணம் சொல்லும் மூச்சை ஆங்கில வாக்கியத்துக்குள் ஊதினார். இரண்டுமே பார்த்த மாத்திரத்தில் தெரியும் வித்தை. நாராயண் மூன்றாவது ஒன்றைச் செய்தார், அது வித்தை என்றே தெரியாது. மொழியை ஜன்னல் கண்ணாடி மாதிரித் துடைத்துவைத்தார். அவருடைய கிழவி ஆங்கிலத்தில் பேசும்போது தமிழ் வாசகனுக்குத் தமிழ்தான் கேட்கிறது. எந்த வசவு எந்தச் சொல்லாக இருந்திருக்கும் என்றுகூட ஊகித்துவிடலாம். இலக்கணம் பிசகாத ஆங்கில வாக்கியத்தில் புரசைவாக்கம் முற்றத்தின் தொனியைக் கேட்கவைப்பது சின்ன வேலையா?

அலங்காரம் தெரியாதவர் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 1972-ல் அவர் ஆங்கிலத்தில் ராமாயணம் சொன்னபோது எடுத்துக்கொண்டது வால்மீகியை அல்ல, கம்பனை. அதற்காகக் கம்பனை வரிவரியாகத் தமிழில் படித்தவர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களின் சொல்மழையில் நனைந்து வந்து ஒரு கைப்பிடிப் புத்தகம் எழுதினார். அதிலும் அதே கழுவி வைத்த உரைநடைதான். மழையைப் பார்க்காதவர் குடை பிடிக்கவில்லை என்று சொல்வது ஒன்று, நனைந்து வந்தவர் உலர்ந்த துணி உடுத்திக்கொண்டார் என்பது வேறு. அந்த ராமாயணத்தில் கம்பன் காணாமல் போய்விட்டான் என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், அதில் நான் பாதி அவர் பக்கம். ஆனால் அது தேர்ந்து செய்த துறவு, இல்லாமை அல்ல.

தமிழ் இலக்கிய வட்டாரத்தில் இந்த வாதங்கள் எல்லாம் சுருங்கி ஒரே வாக்கியமாகிவிடும்: ‘வெள்ளைக்காரனுக்காக எழுதினவர், கிரஹாம் கிரீன் தூக்கிவிட்டார்.’ உடனே புதுமைப்பித்தனை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். இருவரும் பிறந்தது 1906-ல். இருவரும் 1940-களில் ஜெமினி ஸ்டுடியோவுக்கு எழுதியவர்கள். ஒருவர் வறுமையில், காச நோயில், நாற்பத்திரண்டு வயதில் செத்தார். மற்றவர் தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து ராஜ்யசபாவுக்குப் போனார். இந்த அநியாயத்தில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் விதி செய்த ஓரவஞ்சனைக்கு நாவலைத் தண்டிக்க முடியாது.

கிரீன் உதவினார், உண்மை. ‘சுவாமி’ கையெழுத்துப் பிரதி லண்டனில் சுற்றிச் சுற்றி அலைந்தபோது, கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நாராயண் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் நதிக்குப் பதிலாகக் கிரீனிடம் கொண்டுபோனார். நீளமான பெயரை ‘ஆர்.கே. நாராயண்’ என்று வெட்டியதும் கிரீன் சொல்லித்தான். ஆனால் அதனால் என்ன சாதிக்க முடிந்தது? முதல் மூன்று நாவலுக்கும் மூன்று வெவ்வேறு பதிப்பகம்: ஹாமிஷ் ஹாமில்டன், நெல்சன், மாக்மில்லன். விற்றிருந்தால் எந்தப் பதிப்பாளன் கையை விடுவான்? வெள்ளைக்காரன் வாங்கவில்லை. யுத்த காலத்தில் மைசூரில் தானே ‘இந்தியன் தாட்’ என்று பத்திரிகை ஆரம்பித்துப் பார்த்தார், அதுவும் சீக்கிரமே நின்றது. அந்தப் பெயரிலேயே தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டு இந்திய வாசகருக்கு விற்க ஆரம்பித்தார். வெள்ளைக்காரனுக்காக எழுதுகிறவன் மைசூர் அச்சகத்தில் ஏன் புரூஃப் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்?

வெள்ளைக்காரனை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு ‘ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்’ போதும். ஊர் எல்லையில் மண் குதிரை நிழலில் ஆடு மேய்க்கும் கிழவன் முனிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். காரில் வந்த அமெரிக்கனுக்கு அது தெரியாது. அவன் குதிரையை விலை பேசுகிறான், இவன் ஆட்டைக் கேட்கிறான் என்று நினைக்கிறான். நூறு ரூபாய் கைமாறுகிறது, குதிரை காரில் ஏறுகிறது. கோமாளி யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ‘தி கைட்’டில் நாயகன் ராஜு மழைக்காக இருக்கும் உண்ணாவிரதத்தைப் படம் பிடிக்க மலோன் என்று ஓர் அமெரிக்கன் வருகிறான். சாகக் கிடப்பவன் முன்னால் மைக்கை நீட்டி, விளக்கைப் போட்டு, கேள்வி கேட்கிறான். இந்திய ஆன்மிகத்துக்கு மேற்கில் என்ன விலை என்பது நாராயணுக்கு நன்றாகவே தெரியும். அந்த நாவலை அவர் உட்கார்ந்து எழுதியதே கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் ஓட்டல் அறையில்.

சாதியைப் பற்றிய குற்றச்சாட்டை நான் இப்படித் தட்டிவிட மாட்டேன். மேல்சாதியினர் வாழும் கபீர் தெருவின் ஜன்னலிலிருந்துதான் மால்குடி தெரிகிறது என்பது நிஜம். ஊரின் மறுபுறத்துக்கு அவருடைய பேனா எப்போதாவதுதான் போகிறது, போனாலும் நெடுநேரம் தங்குவதில்லை. முஸ்லிம் என்றால் டாக்சி ஓட்டும் கஃபூர் ஞாபகத்துக்கு வருகிறான், அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. இது குறைதான். ஒரு வேடிக்கையான தகவல்: இளம் வயதில் வயிற்றுப்பாட்டுக்காக அவர் மைசூரிலிருந்து செய்தி அனுப்பியது, பிராமணரல்லாதார் இயக்கத்தின் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு! கோர்ட்டு, முனிசிபாலிட்டி, சந்தை என்று அலைந்து செய்தி திரட்டுவார். அச்சான செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து கூலி. இதைச் சொல்லி அவரை நான் சீர்திருத்தவாதியாக்கப் போவதில்லை. ஆனால் அங்குலத்துக்கு இவ்வளவு என்று மனிதத் துயரத்தை அளந்து விற்ற அனுபவம், பிறகு வந்த எல்லாக் கதைகளிலும் இருக்கிறது.

மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டை நினைவில்லமாக்க அரசு முன்வந்தபோது, அவர் தமிழர், ஆங்கிலத்தில் எழுதியவர், கன்னடத்துக்கு என்ன செய்தார் என்று கேட்டு எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இங்கேயோ, அவர் மைசூர்க்காரர், இங்கிலீஷ்காரர். இரண்டு ஊரும் கைகழுவிய பிறகு அனாதையாகக் கிடந்த பிம்பத்தைப் பாடநூல்காரர்கள் எடுத்துச் சர்க்கரைப் பாகில் தோய்த்துவிட்டார்கள்.

அரசியல் இல்லாதவர் என்கிறார்களே, அதை எதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள்? முதல் நாவலிலேயே 1930-ன் அந்நியத் துணிப் பகிஷ்காரம் வருகிறது. சிறுவன் சுவாமி பள்ளிக்கூட ஜன்னலை உடைக்கிறான். தடியடி நடத்திய போலீசின் தலைவர் அவனுடைய உயிர் நண்பன் ராஜத்தின் அப்பா. ‘வெய்ட்டிங் ஃபார் த மகாத்மா’வில் காந்தியைத் தன் மாளிகையில் தங்கவைக்க முனிசிபல் சேர்மன் ஏகப்பட்ட ஏற்பாடு செய்கிறார். காந்தியோ துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்விடுகிறார். அவர் போவதற்கு முன்னால் அந்த இடத்தை அவசர அவசரமாகச் சுத்தம் செய்கிறார்கள். எந்த ஆட்சியில்தான் இது நடக்கவில்லை? ‘தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்’ 1976-ல் வந்தது, நாடெங்கும் வலுக்கட்டாயமாகக் கருத்தடை நடந்துகொண்டிருந்த நெருக்கடி நிலை வருஷம். அதன் நாயகி டெய்சி கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு பேசுகிறவள். குழந்தைகள் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும்போது அவள் முகத்தில் தெரியும் அந்த இரக்கமற்ற லட்சியத்தை நாராயண் கோஷம் போடாமல் காட்டுகிறார். கோஷம் இல்லாததால் அரசியல் இல்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒரு சிறுகதை. சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்து முக்கில் ராமா என்பவன் ராத்திரிப் பலகாரக் கடை போடுகிறான். போலீசுக்குக் கொஞ்சம், சுகாதார அதிகாரிக்குக் கொஞ்சம் போக மீதியில் குடும்பம் நடக்கிறது. ஒரு நாள் அங்கே கலவரம், துப்பாக்கிச் சூடு, ஒருவன் சாகிறான். அவன் செத்த இடம் ராமா உட்காரும் இடம். அங்கே தியாகிக்கு நினைவுச் சின்னம் எழும்புகிறது. ராமாவுக்கு முக்குப் போய்விடுகிறது, வேறு எங்கு உட்கார்ந்தாலும் வியாபாரம் இல்லை. கடைசியில் ஓட்டலில் சர்வராகிவிடுகிறான். எந்தக் கட்சி, எதற்காகக் கலவரம் என்று கதையில் ஆராய்ச்சி கிடையாது. தியாகி யார் என்பது மட்டும் வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது.

கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கும் ஒரு சூத்திரம் மிச்சமிருக்கிறது. மால்குடியில் அமைதி இருக்கும், வெளியிலிருந்து ஒரு குழப்பம் வரும், கடைசியில் பழைய ஒழுங்கு திரும்பும், அதனால் நாராயண் ஒழுங்கின் பக்கம் நிற்கும் பழமைவாதி. ‘தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி’க்கு இது பொருந்தும். யானையைக் கொல்லக் காத்திருந்த வாசு, கொசுவை அடிக்கப்போய்த் தன் நெற்றிப்பொட்டில் தானே அறைந்துகொண்டு சாகிறான். பஸ்மாசுரன் கதை. ஒரு நாவலுக்குப் பொருந்திய சட்டையை எல்லாவற்றுக்கும் மாட்டினால் எப்படி? சுவாமி, ஊரைவிட்டுப் போகும் ராஜத்தின் ரயிலுக்கு ஓடிப்போய் ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறான். ராஜம் மன்னித்தானா இல்லையா என்பது தெரியாமலே ரயில் போய்விடுகிறது. அது குழந்தைகள் கதை என்கிறோம். மார்கய்யா திவாலான பிறகு மகனிடம் அதே தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதே ஆலமரத்தடிக்குப் போகச் சொல்கிறான். திரும்புவது ஒழுங்கா, நோயா? ராஜு மலையில் மழை பெய்வதாகச் சொல்லிக்கொண்டே சாய்கிறான். மழை பெய்ததா, அவன் செத்தானா என்று நாவல் வாயைத் திறப்பதில்லை. படத்தில்தான் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.

எல்லாவற்றையும்விட ‘தி டார்க் ரூம்’. 1938-ல் வந்தது, யாரும் அதிகம் பேசாத நாவல். இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி ரமணி ஆபீசில் பயிற்சிக்கு வந்த பெண்ணோடு பழகுகிறான். மனைவி சாவித்திரி கேட்கிறாள். வீட்டைவிட்டு இறங்கும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, தன் உடம்பைத் தவிரத் தன்னுடையது என்று எதுவும் இல்லை, நகை புடவை உள்பட எல்லாம் அப்பன் கொடுத்தது, புருஷன் கொடுத்தது. சரயுவில் இறங்குகிறாள். பூட்டு ரிப்பேர் செய்கிறவனும் ராத்திரியில் பூட்டு உடைக்கிறவனுமான மாரி அவளை இழுத்துக் கரையில் போடுகிறான். அவன் மனைவி பொன்னி சோறு போட்டு, புருஷனை எப்படி அடக்கி வைத்திருப்பது என்று பாடம் நடத்துகிறாள். கோயிலில் கொஞ்ச நாள் வேலை. பிறகு பிள்ளைகளின் ஞாபகம் தாளாமல் வீடு திரும்புகிறாள். ஒழுங்கு திரும்பிவிட்டது, பார்த்தீர்களா என்பார்கள் சூத்திரக்காரர்கள்.

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, அதைப் படித்தார்களா தெரியவில்லை. வெயில் நேரம். பூட்டு ரிப்பேர் என்று கூவிக்கொண்டு மாரி தெருவில் போகிறான். உயிரைக் காப்பாற்றியவன், பசித்த முகத்தோடு போகிறான். சாவித்திரி ஜன்னலில் நிற்கிறாள். கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கலாம், ஒரு வாய் சோறு போடலாம், பொன்னியைப் பற்றி விசாரிக்கலாம். எதை எடுத்துக் கொடுப்பது, யாருடையதை? குரல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அவள் கூப்பிடவில்லை.